ஊசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை

அக்டோபர் 14, திங்கள்

விடியலிலிருந்து தூறல். அங்கன்வாடிக்கு ஆறு பிள்ளைகள்தான். முட்டை மிச்சம்.

மகன் குமரனுக்குக் கால் மோசம். போன வாரம் சாமை அறுக்கும்போது முழங்காலுக்குக் கீழே அரிவாள் வெட்டு. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் அறுக்கப் போன மகாராஜா. இன்று கால் வீங்கி, சீழ் வைத்து, உடம்பு அனல். இருபத்திரண்டு வயது. சொன்னால் கேட்கிற வயதா.

மதியம் பஸ்ஸில் மலையிறங்கி ஒடுகத்தூர். வீட்டுக்காரரும் கூட. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். நான் வாசலில் குடையை மறந்து, திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று நர்ஸ் கேட்டாள். யோசிக்கவே இல்லை நான். கைக்குழந்தையில் ஒரு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடைத்து, பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தோம் என்றேன். பென்சிலின் என்று அன்றைக்கு டாக்டர் சொன்ன பெயரும் மறக்கவில்லை.

சொல்லி முடிக்கவில்லை. பக்கத்திலிருந்து இவர்:

"இன்னாமே சொல்ற. அது மூத்தவ செல்விக்கு."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

15, செவ்வாய்

மழை. வேறு மருந்து ஏற்றுகிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பிதற்றல் வேறு.

டாக்டரம்மா சின்னப் பெண். என் மகள் செல்வி வயதுதான் இருக்கும். இந்தப் புண்ணுக்கு அந்த ஊசி வகைதான் நன்றாகக் கேட்குமாம். ஆனால் நான் சொன்னது நிஜமானால் உயிருக்கே ஆபத்து. "யாருக்குன்னு உறுதியா சொல்லுங்கம்மா" என்றார்.

எனக்கு உறுதிதான். இதோ:
பஸ் ஜன்னலோரம், மடியில் குமரன்.
பச்சைப் போர்வை.
கண் இரண்டும் வெறும் கோடு.
என் முந்தானையில் எச்சில்.

இவர் கேட்டார், "அப்ப ஏது பஸ்சு நம்ம ஊருக்கு? போர்வையில டோலி கட்டி, நாங்க செல்விய தூக்கினு எறங்கல?"

பஸ் விஷயம் சரிதான். ரோடு போட்டதே பிறகுதான். அப்படியானால் ஜன்னலோரம் உட்கார்ந்தது எப்போது? குமரனுக்கு வாந்திபேதி வந்தபோதா? அந்தப் பயணம் இதில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

இவரும் லேசுப்பட்டவர் இல்லை. கொட்டுகிற மழையில் டோலி தூக்கினாராம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்கிறார், புளி உலுக்கிக்கொண்டிருந்தபோது ஆள் வந்து கூப்பிட்டதாம். அடைமழையில் யார் புளி உலுக்குவார்கள்? கேட்டேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது? கூரை வீட்டோடு கரையான் தின்றது.

ஊரில் எந்தப் பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம். பெற்றது இரண்டு, அதில் எது என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

16, புதன்

குமரன் கொஞ்சம் தெளிவு. அவனையே கேட்டேன். "எனக்குத்தாம்மா. அந்த டாக்டரு கண்ணாடி போட்னு இருந்தாரு. ஞாபகம் கீது."

இரண்டு வயதுகூட ஆகவில்லை அப்போது. எங்கிருந்து ஞாபகம்?

பிறகு செல்விக்குப் போன். ஆலங்காயத்தில் கட்டிக்கொடுத்தது. ஏழாம் மாதம். தம்பிக்கு எப்படியிருக்கிறது என்று அழுதாள். விஷயத்தைச் சொன்னேன். அது தனக்குத்தான், மூச்சு வராமல் என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது என்கிறாள்.

அப்படியானால் பிரசவத்துக்குப் பேர் பதிந்த அன்று ஏன் சொல்லவில்லை? நான்தான் கூடப் போனேன். இவளுக்கு ஒன்றும் இல்லை, தம்பிக்குத்தான் என்று நர்ஸிடம் நானே பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேம்மா. மருந்து குடிக்க அடம் புடிச்சா நீ சொல்வியே ஒரு கத. அதுல வந்ததா, நெசமா நடந்ததான்னு எனக்கும் தெரியல."

கதை. அப்போதுதான் உறைத்தது. அடம்பிடிக்கிற பிள்ளையை மடியில் போட்டு, அன்றைக்கு நீ கிடந்த கிடப்பு தெரியுமா, முகம் பூசணிக்காய், கண் கோடு, மறுபடி ஊசி வேண்டாமென்றால் இந்த டானிக்கைக் குடி என்பேன். யார் மடியில் கிடந்தார்களோ அவர்கள் பெயர். செல்வி ஒரு மிரட்டலில் குடித்துவிடுவாள். குமரன்தான் அடம். அவனுக்குத்தான் அதிகம் சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அவனாகிவிட்டதா? கண்ணாடி டாக்டர்கூட நான் சேர்த்ததுதானா?

சாமி முன்னால் நிறுத்தினால் நான்கு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வோம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.

18, வெள்ளி

நேற்று எழுதவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அந்த ஊசியையே போட்டுப் பார்க்கக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இவர் போட்டார். என் கை வரவில்லை.

இன்று காலை டாக்டரம்மா மூச்சு அடைத்தால் கொடுக்கிற மருந்தையெல்லாம் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, குமரன் கையில் தோலுக்கடியில் ஒரு துளி போட்டுப் பார்த்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குலதெய்வம் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை, சாமி சாமி என்றேன். தடிக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊசி. மூச்சு சீர்.

இவர் முகத்தில் ஜெயித்த சிரிப்பு. "நான் அப்பவே சொல்லல?" என்றார். உடனே சிரிப்பு போய்விட்டது. இவனுக்கு இல்லையென்றால்?

டாக்டரம்மாவிடமே கேட்டேன், அப்போது மகளுக்குத்தானே என்று. "அப்படியும் சொல்ல முடியாதும்மா. சின்ன வயசுல இருந்தது வருஷம் போகப் போக விட்டுப்போறதும் உண்டு. இவருக்கே இருந்திருக்கலாம்." எதற்கும் மகளின் ஆஸ்பத்திரியில் சொல்லிவைக்கச் சொன்னார்.

ஆக, இனி எந்த ஊசியும் எனக்குப் பதில் சொல்லாது.

20, ஞாயிறு

வெயில். குமரனுக்குக் காய்ச்சல் இல்லை. நான்கு இட்லி கேட்டு வாங்கித் தின்றான், சட்னி சரியில்லை என்று குறை வேறு. நாளை மறுநாள் வீடு. அறுத்துப் போட்ட சாமை முளைத்திருக்கும். போகட்டும்.

செல்வியோடு பேசினேன். பிரசவ ஆஸ்பத்திரியில் அந்த ஊசி ஆகாது என்று எழுதச் சொல் என்றேன். நிச்சயமாகத் தனக்குத்தானா என்று கேட்டாள். எதற்கும் எழுதட்டும் என்றேன்.

"நீ பெத்தவ. எந்தப் புள்ளன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

சிக்னல் விட்டுப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இது ஒடுகத்தூர். சிக்னலுக்குக் குறைவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி, செல்வியைத் தூக்கிப் பார்க்கிறேன். டோலி வருகிறது. பஸ் இல்லாத பாதை வருகிறது. பச்சைப் போர்வை வருகிறது. முகத்திலிருந்து போர்வையை விலக்கினால் குமரன்.