ஆஞ்சலோவின் மகள்

சாப்பிடுகிறேன் நைனா, இத்தாலிக் குளிரும் பழகிவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்ஸுக்கு இன்னும் நின்றுகொண்டுதான் காத்திருக்கிறீர்களா?

நேற்று ஒரு வேடிக்கை. வீட்டுக்கார அம்மாளின் கணவர் பெயர் ஆஞ்சலோ. என் அப்பாவும் ஆஞ்சலோதான் என்றேன். அந்த அம்மாள் சிரித்தார்.

"அது எங்க பேரும்மா. ஒரு போப்போட பேரு, பழைய கவிஞரோட பேரு. உங்கப்பாவோட நிஜப் பேரு என்ன?"

நானும் சிரித்துவைத்தேன். கிறிஸ்தவப் பெயர் இருந்தால் எனக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது என்றுதானே எல்லாக் காகிதத்திலும் நீங்கள் கண்ணாயிரம் ஆனீர்கள்? ஞானஸ்நானப் பெயர் மாதா கோயிலோடும் வீட்டோடும் நின்றுவிட்டது. அங்கே ஆபீசில் சொல்ல முடியாத பெயர். இங்கே சொன்னால் பொய்.

ஊறுகாய் அனுப்ப வேண்டாம். ஹெலன் அத்தை வாசலில் நின்று, "டேய் ஆஞ்சலோ, நாஸ்தா துன்னியா இல்லியா?" என்று கத்துவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். அது போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அன்பரசி

பி.கு: கீழே போய், அழைப்புமணிக்குப் பக்கத்தில் இருந்த 'அன்பரசி கண்ணாயிரம்' சீட்டைக் கிழித்துவிட்டு, 'அன்பரசி ஆஞ்சலோ' என்று எழுதி ஒட்டினேன்.