தேர்தல் சம்பளத்தில் பிடித்த வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். சின்னவளை இருமல் விட்டுவிட்டது. அவள்தான் பேச்சை விடமாட்டேன் என்கிறாள்.

தேர்தலுக்குத் தற்காலிக வேலைக்குப் போனேன் என்றதும் போனில் கோபப்பட்டீர்கள். நான் அனுப்புவது போதவில்லையா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்து என் விரலும் கறுத்துப்போனது. சம்பளம் வந்தபோதுதான் வரி பிடித்திருந்தது தெரிந்தது. தேர்தலுக்கு மட்டும் வேலை செய்பவர்களுக்கு வரி கிடையாது, அந்தச் சம்பளம் வருமானக் கணக்கிலும் சேராது என்று பயிற்சியின்போதே சொல்லியிருந்தார்கள். எனக்கு வரியோடு போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த தையல்கார அக்காவுக்கோ, வருமானம் கூடிவிட்டது என்று சொல்லி, மகனுடைய மருந்துக்கு வந்துகொண்டிருந்த அரசு உதவியையே நிறுத்திவிட்டார்கள். மிஷினை மிதித்துக்கொண்டே, இனிமேல் எந்த வேலைக்கும் போகமாட்டேன் என்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வரி அலுவலகத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் அலையவிட்டார்கள். கடைசியில் அதிகாரியே, தவறு எங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களோடத மட்டும் சரி பண்ணித் தரேன்மா. மத்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

தலையாட்டத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு. "எல்லாரும் ஒரே மேசையிலதான் சார் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் எப்படி வேற கணக்கு?"

எல்லோருக்கும் என்றால் மேலிடத்தைக் கேட்க வேண்டும், நாளாகும் என்றார். ஆகட்டும் என்று வந்துவிட்டேன். மறுநாள் எங்கள் சாவடியில் வேலை பார்த்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களோடு வேலை பார்த்த ஆட்டோக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்தார். நாற்காலி போதாமல் படிக்கட்டெல்லாம் நாங்கள்தான். அதற்குமேல் தாங்காமல் அதிகாரி எங்கள் முன்னாலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டார். போன வாரம் எல்லோரிடமும் பிடித்த வரி திரும்பி வந்துவிட்டது. வருமானக் கணக்கைத் திருத்தியதும் அக்கா மகனுடைய மருந்து உதவியும் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த தேர்தலுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்காவும் நானும் போகிறோம்.

அண்ணா, என் வீட்டுக்காரர் போன பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியது நீங்கள். அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. கண் ஆபரேஷனை நீங்கள் எதற்காகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அண்ணி சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதீர்கள். இந்த மாதம் எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். முதலில் கண்ணைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை அண்ணி படித்துக் காட்டட்டும். அடுத்ததை நீங்களே படிக்க வேண்டும்.

என்றும் உங்கள்
தங்கை