பல்லிக்குள் நான்

நசரத்பேட்டை,
செவ்வாய் மதியம்.

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நான் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் என் தொண்டை கட்டியிருப்பதை வைத்தே துருவுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பா உன் போனில் பல்லி விளையாட்டு ஆடுவாளே, தொட்டால் பல்லி குதிக்கும், கட்டடம் இடியும், அவ்வளவுதான். அதைத்தான் இங்கே சினிமாவாக எடுக்கிறார்கள். அந்த ராட்சதப் பல்லியின் ரப்பர் உடைக்குள் இருப்பது நான்தான்.

நேற்று அட்டைக் கட்டடங்களை மிதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே மூச்சு முட்டியது. ஜிப் முதுகுப் பக்கம் இருப்பதால் நானாகத் திறக்க முடியாது. கத்தியது வெளியே கேட்கவில்லை. விழுந்து தரையை அடித்தேன். நடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். உடை மாட்டிவிடும் டில்லிபாபுதான், "யோவ், கட் சொல்லுங்கய்யா! அண்ணாத்தே மூச்சு உட முடியாம கீறாரு!" என்று ஓடிவந்து ஜிப்பை இழுத்தான். பயப்படாதே, தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

நான் விழுந்து தரையை அடித்தது டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. பல்லி சாகும் இடத்தில் அதையே வைக்கப்போகிறாராம். படம் வந்தால் பாப்பாவைக் கூட்டிப்போ. அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். நீ மட்டும் அந்த இடத்தில் திரையைப் பார்க்காதே.

பருத்தி பனியன் இரண்டு அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றும் வை.

கூப்பிடுகிறார்கள். இன்று என் விரலில் கயிறு கட்டி, மறுமுனையை டில்லிபாபு பிடித்துக்கொள்வானாம். "இத்த இஸ்தா போதும் அண்ணாத்தே, நான் வந்துடுவேன்" என்கிறான். போய்வருகிறேன்.

உன்
வைரவன்