இது நீங்கள்தானா?

2024 ஜூன் 12, புதன்

கணினிக்கு ஏதோ வியாதி. நேற்றிலிருந்து திரையின் வலது மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் எழும்பி எழும்பி மறைகின்றன. ஒன்று, உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்கிறது. இன்னொன்று, கடவுச்சொல்லைத் தா என்கிறது. எதன் கடவுச்சொல் என்று சொல்லாது. மூடினால் அடுத்தது. கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்கான அழைப்புக் காட் பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளையின் பெயருக்கு மேலே ஒரு பெட்டி குந்திக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. காட் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இது படுத்தால் நானும் படுத்தேன்.

ஆரோடு சண்டை பிடிக்கிறாய் என்று மாமி குசினியிலிருந்து கேட்டார். கொம்பியூட்டரோடு என்றேன். அவர் மகன், என் மனிசன், வாங்கிவைத்த சாமான் அது. கோபத்தில் தட்டிவிடாதே என்றார்.

ஜூன் 14, வெள்ளி

இன்று வந்த பெட்டி வேறு மாதிரி. சத்தமில்லை, சிவப்பு எழுத்தில்லை. சின்ன வட்டத்துக்குள் அவருடைய படம். நிலாவெளியில் நான் எடுத்தது; வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். கீழே எழுதியிருந்தது: பஹ்மி, உங்கள் கணக்குக்குள் புதிய சாதனம் ஒன்றிலிருந்து நுழைய முயற்சி நடந்தது. இது நீங்கள்தானா? ஆம். இல்லை.

இரண்டையும் அமத்தவில்லை. பெட்டி தானாகவே மறைந்தது. மாமியிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஜூன் 17, ஹஜ்ஜுப் பெருநாள்

என் கூடப்பிறந்த மூத்தவர் முனீப் காக்கா குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போனார். வழக்கமான கதைதான். காதியாரிடம் பஸஹ் கேட்டு எழுதிப்போடு, மனிசன் வராமலே கலியாணத்தை முறித்துத் தருவார், இன்னும் எவ்வளவு காலம் இப்படிக் கட்டியும் கட்டாமலும் இருப்பாய் என்றார். எனக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளை இல்லை. கப்பல் எஞ்சின் வேலைக்குப் போன மனிசன் கடைசியாக அழைத்தது கொரோனாக் காலத்தில். அதற்குப் பிறகு கொழும்பு ஏஜென்சியிலிருந்து ஒரே ஒரு செய்தி: அவர் ஒரு துறைமுகத்தில் தன் விருப்பத்தில் இறங்கிவிட்டார், எங்கே போனார் என்று தெரியாது. அவ்வளவுதான். மௌத்தாகி மண்ணுக்குள் போனவரின் மனைவிக்காவது ஒரு கணக்கு உண்டு, நாள் எண்ணி வீட்டோடு இருக்க இத்தா உண்டு, முடிவு உண்டு.

காக்கா மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் மாமி குசினிக்குள் சட்டி கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

இந்த வீடு சீதனமாக என் பெயரில் இருக்கிறது. அவர் கடலுக்குப் போகத் தொடங்கியபோது, தனியாக இருக்காதே என்று தன் உம்மாவை மூதூரிலிருந்து கூட்டிவந்து என்னோடு விட்டார். ஒரே மகன். அந்த உறவு அறுந்தால் மாமி எந்த முகத்தோடு இங்கே இருப்பார்? இதைக் காக்காவிடம் கேட்கவில்லை.

ஜூன் 19

கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றி, மத்திய வீதியில் நிவேதிகாவின் கடைக்குக் கொண்டுபோனேன். வழியில், இந்த ஊரில் மாடு மாதிரித் திரிகிற மான் கூட்டம் ஒன்று குறுக்கே நின்று குப்பை மேய்ந்தது. ஹோர்ன் அடித்தும் அசையவில்லை.

நிவேதிகா கணினி திருத்தும் பிள்ளை. கதைப்பது குறைவு. நான் இலவச எழுத்துருத் தேடிப் போன ஏதோ ஒரு தளத்தில் 'அனுமதி' என்று அமத்தியிருக்கிறேன். அங்கிருந்துதான் அந்தப் பயமுறுத்தும் பெட்டிகள் எல்லாம். அனுமதியை எடுத்துவிட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு செயலியையும் அழித்தாள். மத்தியானத்துக்குள் சுத்தம்.

'அவருடைய படத்தோட வாறது?' என்று கேட்டேன்.

'அது வைரஸ் இல்லை அக்கா. உண்மையான எச்சரிக்கை. அவரின்ட கணக்கு இந்த மெசின்ல திறந்தபடியே கிடக்கு. வெளியில ஆரோ அதுக்குள்ள வரப் பார்க்கினம். இல்லை எண்டு அமத்திப்போட்டு, கடவுச்சொல்லை மாத்துங்கோ.'

எங்கிருந்து என்று காட்ட முடியுமா என்றேன். காட்டினாள். ருமேனியா. கொன்ஸ்டான்சா.

கள்ளர்கள் எந்த ஊரின் பெயரையும் காட்டுவார்கள், அதை நம்ப ஏலாது என்றும் சொன்னாள். தலையாட்டினேன்.

ஜூன் 20

கொன்ஸ்டான்சா துறைமுக நகரம். கருங்கடலில் இருக்கிறது. படங்கள் பார்த்தேன். பாரந்தூக்கிகள், கப்பல்கள், தெருவில் பனி.

ஜூன் 24

மறுபடியும் வந்தது. காலை பத்து மணியளவில். மவுஸைப் பிடித்தபடி இருந்தேன்.

இது நீங்கள்தானா?

யாரைக் கேட்கிறது இது? அவருடைய கணக்கு, அவரைக் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவள் நான். இல்லை என்றால் கதவு பூட்டும். அது அவராக இருந்தால்? ஃபோனைத் தொலைத்துவிட்டு, இலக்கம் ஒன்றும் ஞாபகம் இல்லாமல், இந்த ஒரு வழியாகத்தான் வீட்டைத் தேடுகிறார் என்றால்? என்ட ரப்பே, நானே அவரை வெளியில வெச்சிப் பூட்டுறதா?

ஆம் என்று அமத்தி, அது கள்ளனாக இருந்தால் — அவருடைய பெயரில் என்னென்னவோ செய்வான்.

விட்டுவிட்டேன். பெட்டி மறைந்தது.

கப்பலிலிருந்து லீவில் வந்தால் முதல் நாள் முழுக்க அவருக்கு நித்திரை வராது. எஞ்சின் சத்தம் இல்லாமல் தூங்க ஏலாது என்பார். மின்விசிறியை முழு வேகத்தில் விடுவார். எனக்குக் குளிரும். போர்வையை என் பக்கம் தள்ளிவிட்டு, முகட்டைப் பார்த்துக்கொண்டு துறைமுகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் எல்லாவற்றுக்கும் ம் போடுவேன். இப்போது அந்த விசிறியை நான் போடுவதே இல்லை.

ஜூன் 28

நிவேதிகா வீட்டுக்கு வந்தாள். நான்தான் அழைத்தேன். உள்ளதைச் சொன்னேன். அவள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டாள். கள்ளன் வந்தாலும் எடுக்க ஒன்றும் இல்லாமல் பண்ணிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்றாள். வங்கி சம்பந்தமான அஞ்சல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு அழித்தோம். கப்பல் சான்றிதழ்களையும் அழிக்கப் போனாள். அதை விடு என்றேன். அவராக இருந்தால் அதைத்தானே தேடுவார்.

இத்தனை வருடம் அந்தக் கணக்குக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை. திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். வேறு பெண் இல்லை, இரகசியம் இல்லை. நான் அனுப்பிய மீன்குழம்புப் படம் ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறார்.

பிறகு அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்று. நீண்டதாக ஒன்று எழுதி அழித்தேன். கடைசியில் இது மட்டும் நின்றது: 'உம்மா சுகம். நானும் சுகம். நீங்க எங்க இரிந்தாலும் பரவாயில்லை. ஒரு சொல்லு எழுதுங்க. நுஸ்ரத்.'

ஜூலை 2

வரவில்லை.

ஜூலை 5

இல்லை. காட் வேலை முடித்தேன். சந்தைக்குக்கூடப் போகாமல் திரைக்கு முன்னாலேயே இருக்கிறேன். கச்சான் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

மத்தியானம் லுஹருக்கு மாமி தொழுதுகொண்டிருந்தார். பெட்டி வந்தது.

ஆம்.

அமத்திவிட்டேன். பிஸ்மி சொல்லி அமத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, நான் எழுதிய அஞ்சலின் தடித்த எழுத்து மெலிந்தது. நான் தொடவில்லை. அங்கே யாரோ திறந்தார்கள். என் கண்முன்னால், நான் எழுதியதை ஒருவர் வாசிக்கிறார். திரையில் கையை வைத்தேன். பைத்தியம்.

பதில் வரும் என்று இருந்தேன். வந்தது பதில் இல்லை. அனுப்பியவை என்ற பகுதியில் புதிதாக ஒன்று. ஏதோ ஒரு கப்பல் கம்பனிக்கு, சான்றிதழ்களை இணைத்து, ஆங்கிலத்தில் வேலைக்கான விண்ணப்பம். 'சேர்டிபிகேட்' என்ற சொல்லில் அவர் எப்போதும் ஒரு எழுத்தை விடுவார். இதிலும் விட்டிருந்தார். கீழே பெயர், தொலைபேசி இலக்கம்.

அவர்தான். உயிரோட இரிக்கார். அல்ஹம்துலில்லாஹ், உயிரோட இரிக்கார்.

இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கம் தானாக மாறியது. கடவுச்சொல்லைத் தரவும் என்றது. பழையதைப் போட்டேன். தவறு. மாற்றியிருக்கிறார். என்னையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளிருந்து பூட்டிவிட்டார்.

இந்தக் கணினியில் நான்தான் இருக்கிறேன் என்று தெரியாதா அவருக்கு?

ஜூலை 10

மாமியிடம் நேற்றே சொன்னேன். நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தவர் எழும்பவே நேரம் எடுத்தது. இன்று காலை என் ஃபோனில் இலக்கத்தை அழுத்தி மாமியின் காதில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை. பெற்ற தாய் முதலில் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

எடுத்தார். மாமியின் முகத்திலேயே தெரிந்தது.

'மகன்... ஓம், நான்தான்... சுகமா இரிக்கன்...' மாமியின் குரல் உடைந்து உடைந்து வந்தது. பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: 'நுஸ்ரத் பக்கத்திலதான் நிக்காள். குடுக்கட்டா?'

கையை நீட்டினேன்.

மாமி ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு எடுக்கிறாராம், வேலையில் நிற்கிறாராம். கை நீட்டியபடியே நின்றேன் போல. மாமி என் கையைப் பிடித்துக் கீழே விட்டார்.

ஜூலை 12

எடுக்கவில்லை.

ஜூலை 15

செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார்.

ஜூலை 16

அவருடைய படம் போய்விட்டது. நான் அனுப்புவது இனி அங்கே போய்ச் சேராது. தடுத்துவிட்டார் என்று நிவேதிகாவிடம் கேட்டுத்தான் நிச்சயம் செய்தேன்.

காணாமல் போன ஆளுக்காகக் காத்திருந்தேன். அது ஒரு மாதிரி சுகமாகத்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. எப்படி வேண்டுமானாலும் நினைக்கலாம். ஆஸ்பத்திரியில், சிறையில், ஞாபகம் தப்பி. எந்த நினைப்பிலும் அவர் என்னிடம் வரத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 30

மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை. மகனைப் பற்றிக் கதையே இல்லை. நான் பேச்சை எடுத்தால் எழும்பிப் போகிறார். ஏதோ ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் திரிகிற மாதிரி.

என் மேல் கோபமோ? அந்த ஆம்-ஐ அமத்தாமல் விட்டிருக்கலாமோ?

ஆகஸ்ட் 11

கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வரும்போது ஊதுகிற சத்தத்துக்கு இன்றும் வாசல் வரைக்கும் போனேன். கால் தானாகப் போகிறது. திரும்பும்போது மாமி பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து பக்கத்தில் இருந்து, 'முனீபுக்குக் கோல் எடு மகள். எழுதிப்போடச் சொல்லு' என்றார்.

மாமிதான் சொன்னார். நான் அழுதேன். மாமி அழவில்லை.

செப்டம்பர் 7, சனி

காதியாரின் விசாரணை. காக்கா ஒரு சாட்சி. இன்னொருவராகப் பக்கத்து வீட்டு அபூதாஹிர் வருவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால் மாமி வெள்ளைப் புடவை உடுத்து, முக்காடு போட்டு, வாசலில் செருப்போடு நிற்கிறார். நான் வாறேன், பெத்தவள் சொன்னால்தான் ஆரும் மறுத்துப் பேச மாட்டாங்க என்றார்.

காதியார் வயதானவர், பொறுமையானவர். செலவுக்கு அனுப்பியதில்லை, தொடர்பில்லை என்பதை எல்லாம் காக்கா சொன்னார். கடைசியில் காதியார் மாமியிடம் கேட்டார், உங்கள் மகன் திரும்பி வருவார் என்று நம்புகிறீர்களா, கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்க்கலாமா என்று.

மாமி நிலத்தைப் பார்த்தபடிதான் சொன்னார்.

'வர மாட்டான். நான் போன்ல கதைக்கக்குள்ள பின்னால ஒரு சின்னப் பிள்ளை கூப்பிட்டிச்சு. இவன் ஏதோ பாசையில பதில் சொன்னான். எனக்கு அந்தப் பாசை தெரியா. ஆனா ஒரு வாப்பா எப்பிடிச் சொல்லுவானோ, அப்பிடித்தான் சொன்னான். நான் அவனைப் பெத்தவள், எனக்குத் தெரியும். இந்த நுஸ்ரத் புள்ளைய விட்டுடுங்க.'

காக்கா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் இதைத்தான் விழுங்க ஏலாமல் திரிந்தாரா?

வரும்போது முச்சக்கர வண்டியில் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. 'சொன்னா நீ அந்தப் புள்ளையையே நெனச்சிக்கிட்டு இரிப்பாய்' என்றார்.

உண்மைதான். எத்தனை வயதிருக்கும் அதற்கு? வெயிலில் கண்ணைச் சுருக்குமா? எனக்கென்ன அது. ஆனாலும்.

நவம்பர் 3, ஞாயிறு

தீர்ப்பு வந்து, இத்தா தொடங்கிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

காலை எழும்பிப் பார்த்தபோது மாமியின் அறையில் பாய் சுருட்டியிருந்தது. உடுப்புகள் ஒரு பைக்குள். மூதூரில் தங்கச்சி மகளின் வீட்டுக்குப் போகிறாராம். பஸ்ஸுக்கு நேரமாகுதாம். வழக்கமாக எதையாவது தேடி வீட்டைத் தலைகீழாக்குகிறவர், இன்று எல்லாம் எடுத்து முடித்து அமைதியாக இருந்தார்.

'இனி நான் ஆருடைய உரிமையில இங்க இரிக்க, மகள்? அவனுக்கும் உனக்கும் ஒண்டும் இல்லையே.'

பையை அவர் மடியிலிருந்து எடுத்தேன்.

'என்ட உரிமையில இரிங்க.'

மாமி முக்காட்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழையில் நனைகிற கொடித்துணியை எடுக்க எழும்பிப் போனார். நான் உடுப்புகளை ஒவ்வொன்றாக அலுமாரிக்குள் திருப்பி வைத்தேன்.

மூதூர் பஸ் போய்விட்டது. மத்தியானம் சூரை மீனில் ஆணம் ஆக்கினேன். மாமி இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.