நஸ்ரின் சாப்பிட்டால் உனக்கு வந்து சேருமா?

என் கன்னத்துக் குழிக்காரா, பஷீரு,

ஸலாம். உன் மகள் நஸ்ரினைப் பற்றி உன்னிடம் ஒரு புகார் சொல்ல வேண்டும். புகார் அவள் மேல் இல்லை, தெரு மேல். அவள் குப்பி, அத்தைக்காரி என் மேலும்தான்.

பத்து வயது இன்னும் முடியவில்லை, என் சுடிதார் அவளுக்குச் சரியாக இருக்கிறது. போன மாதம் ஸ்கூலில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நானும் உன் மனைவி ரஷீதாவும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயே கொழுப்பும் பிரஷரும் கூடியிருக்கு. இப்படியே விட்டா, பெரியவளாகும்போது ஹார்ட்டுக்கு ஆபத்துங்க. வீட்ல யாருக்காச்சும் உண்டா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

"இதோட அத்தா, என் தம்பி, ஹார்ட்டுலதான் போயிட்டாருங்க. முப்பத்தெட்டு வயசு. கடை ஷட்டரைத் தூக்கும்போதே விழுந்துட்டாரு."

"அவரும் சின்ன வயசுல குண்டா இருப்பாரா?"

ஆமாம் என்றேன். கொழுகொழு குழந்தைப் போட்டியில் நீ முதல் பரிசு வாங்கிய போட்டோ இன்னும் நம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. தொடையில் மூன்று மடிப்பு. வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைக் காட்டிக் காட்டிப் பூரித்தோம். என் பங்குப் பலகாரத்தையும் உன் வாயில்தான் திணிப்பேன். ஓட முடியாமல் நீ இரைக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தோமே, பாவிகள், ஒருத்தருக்காவது உறைத்ததா?

குண்டாக இருந்த எல்லோருக்கும் அப்படி ஆகிவிடாது என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். "ஆனா வாய்ப்பு கூடும். இப்பவே பாத்துக்கிட்டா பெருசாக் குறைக்கலாம், பயப்படாதீங்க" என்றார். அந்த 'இப்பவே'தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எப்படிப் பார்த்துக்கொள்வேன், நீயே சொல்லு. நீ போனதிலிருந்து ஆழ்வார்தோப்பில் எந்த வீட்டில் பிரியாணிச் சட்டி இறங்கினாலும் முதல் தட்டு நஸ்ரினுக்குத்தான் வருகிறது. தகப்பனில்லாத பிள்ளைக்குக் கொடுத்தால் நன்மை. கொடுப்பவர்கள் மனசைக் குறை சொல்ல முடியுமா? ஒரு நாள் எதிர்வீட்டு மும்தாஜை வாசலிலேயே நிறுத்தி, வேண்டாம் என்றேன்.

"எத்தீம் புள்ளைக்குக் குடுக்குறதைத் தடுக்குறியேக்கா, உனக்கு எப்படி மனசு வருது?" என்று அழுதேவிட்டாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கு உன் பெயரில் ஓதிய பாத்திஹாவுக்கு உனக்குப் பிடித்த தம்ரூட் செய்தோம். ரவையும் சீனியும், தொட்டால் விரலில் நெய் வழிகிற பதம். நஸ்ரின் நாலு துண்டு தின்றுவிட்டு ஐந்தாவதுக்குக் கை நீட்டினாள். "போதும்டி, வயிறா என்னடி அது?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. என் காதோரம் வந்து, "எனக்கு வேணாம் குப்பி, வயிறு வலிக்குது. இது அத்தாவுக்கு. நான் சாப்பிட்டா அத்தாவுக்குப் போய்ச் சேரும்ல?" என்றாள்.

யா அல்லாஹ்! அந்தப் பேச்சை அவளுக்குச் சொன்னது யார் தெரியுமா? நீ போன மூன்றாம் நாள், சோறே வேண்டாம் என்று சுருண்டு கிடந்தவளை மடியில் போட்டு, "நீ சாப்பிட்டாத்தான் அத்தாவுக்குப் போய்ச் சேரும்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டியது நான்தான். ஒரு வருஷமாகப் பிள்ளை இரண்டு பேருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, பஷீரு. சேராது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஐந்தாவது துண்டையும் என் கையாலேயே கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு காவிரிப் பாலத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக் கரை வரை நடப்பதாகத் திட்டம். பாதிப் பாலம்கூட வரவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, உன்னை மாதிரியே வாயால் மூச்சு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"நடந்தா அத்தாவுக்குச் சேருமா குப்பி?"

"சேரும்" என்றேன். பொய்யென்றால் பாவம் என் தலையோடு போகட்டும். அவள் சுவரை விட்டுவிட்டு இன்னும் பத்தடி நடந்தாள். பிறகு இன்னொரு பத்தடி. அதற்கு மேல் முடியவில்லை, திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தால் வாசலில் மும்தாஜ் தட்டோடு நிற்கிறாள்.

அவள் கையை, தெருவின் கையை எப்படித் தடுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் கை இனி உன் பெயரைச் சொல்லி அவளுக்கு ஊட்டாது, அதுமட்டும் சத்தியம். இன்றைக்கும் பாலத்துக்குக் கூட்டிப்போகிறேன், நாளைக்கும். அவள் நடக்கிற ஒவ்வொரு பத்தடியும் உனக்கு வந்து சேருகிறதா, பஷீரு?

உனக்கும் ஊட்டி, உன் மகளுக்கும் ஊட்டிய
உன் அக்கா