அல்டோனாவும் டென்மார்க்தான்

இக்காஸ்ட், டென்மார்க்,
வியாழக்கிழமை

அன்பு மகள் சாரங்கிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைக்கலாம்தானே என்று நினைப்பாய். உன் கொப்பா பக்கத்திலேயே இருக்கிறார், கண் மங்கினாலும் காது நல்ல கூர். முதியோர் இல்லத்தில் எனக்கு இந்தக் கிழமை முழுக்கக் காலை வேலை, ஆள் குறைவு, ஒருவரைத் தூக்கி இருத்திவிட்டு நிமிர முன்னம் அடுத்த அறையில் மணி அடிக்கிறது. வீட்டுக்கு வந்தால் இவரோடு மாரடிக்க வேண்டும். களைத்துப்போனேன் பிள்ளை.

உன்னிடம் மறைத்த ஒன்றை இன்றைக்குச் சொல்கிறேன். உன் கீழ் வீட்டு மரியநாயகி அன்ரி மாதத்தின் முதல் ஞாயிறு உனக்கு மீன் தருகிறாளே, மலிவாகக் கிடந்தது, கூட வாங்கிவிட்டேன் என்று. அது அவள் வாங்கியது இல்லை, கொப்பா வாங்கியது. விடிய முன்னம் மீன்பெட்டியைக் காரில் ஏற்றி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, உன் அல்டோனா ஆற்றங்கரை மீன் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி, மரியநாயகியின் குசினியில் நின்று செதில் சுரண்டி வெட்டிக் கொடுத்துவிட்டு, உன் வீட்டுப் படி ஏறாமல் திரும்பி வருகிறார். ஒன்றரை வருடமாக இதுதான் நடக்கிறது. ஒருநாள் மேலே நீ நடந்த சத்தம் கேட்டதாம், கத்தியை வைத்துவிட்டு நின்றாராம். அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறார், அதனால் அவளைக் கோபிக்காதே.

ஜேர்மனியில், ஹம்பேர்க்கில் வேலை, போகிறேன் என்று நீ சொன்ன அன்று அவர் சொன்னதை நானும் மறக்கவில்லை. "ஒரு நாட்டை விட்டு வந்து நான் பட்டது காணாதோ? நாட்டை விட்டுப் போறவளோடை எனக்கு இனி ஒரு கதையும் இல்லை." அப்படிச் சொன்ன மனுசன்தான் நூலகத்திலிருந்து உன் அல்டோனாவைப் பற்றி டேனிஷ் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்தார். இப்போது ஹம்பேர்க்கோடு சேர்ந்து கிடந்தாலும், அது இருநூறு வருடத்துக்கு மேல் டென்மார்க் ராசாவின் ஊராம், கோப்பன்ஹேகனுக்கு அடுத்த பெரிய பட்டினமாம், 1864 சண்டையில்தான் கைவிட்டுப் போனதாம். ஹம்பேர்க் தங்கள் முறையில் கும்பிட விடாத சனத்தை எல்லாம் அல்டோனா சேர்த்துக்கொண்டதாம், ஒரு தெருவுக்குச் சுதந்திரம் என்றே பெயர் வைத்ததாம். ஹம்பேர்க்கின் சின்னத்தில் கோட்டைக் கதவு பூட்டியிருக்குமாம், அல்டோனாவின் சின்னத்தில் திறந்து கிடக்குமாம். மீன் சந்தை ஞாயிறு காலையோடு முடிவதுகூட, சனம் தேவாலயத்துக்குப் போக முன்னம் விற்று முடிக்க வேண்டும் என்று வந்த பழைய வழக்கமாம். நான் வெங்காயம் வெட்ட வெட்ட இவ்வளவும் எனக்குப் பாடம். ஊர்க் கதவைப் படிக்கிற மனுசனுக்குத் தன் வீட்டுக் கதவு தெரியவில்லையா என்று கேட்டேன். அதற்குச் சொன்னார், "பிள்ளை நாட்டை விட்டுப் போகேல்லை, மலர். அது எங்கடை ராசாவின்ரை ஊர்தான்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகேன் பிள்ளையோடு கதைக்காமல் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த புத்தகத்தை விரிக்கிறார்.

போன முறை திரும்பி வரும்போது எல்லையில் பொலிஸ் கை காட்டியது தெரியாமல், முன்னால் நின்ற வாகனத்தில் முட்டிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை, முருகன் காப்பாற்றினான். கண்ணில் வெண்புரை, ஒப்பரேசன் முடியும்வரை கார் ஓடக்கூடாது என்று டொக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அதற்கு இன்னும் இரண்டு மாதம். இவரோ அடுத்த முதல் ஞாயிறுக்குப் பதினேழு நாள் இருக்க, இப்போதே மீன்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். இந்த ஒருக்கா மட்டுமாம். ரயிலில் போகச் சொன்னேன், மீன் மணக்கும், சனம் முறைக்கும் என்கிறார். சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்துவிட்டது. வழியில் இவருக்கு ஏதும் நடந்துவிட்டால் நீ பிறகு யாரோடு கோபமாயிருப்பாய்? எனக்குப் பயமாக இருக்கிறது மகள்.

அதனால்தான் இந்த உறை இவ்வளவு கட்டியாக இருக்கிறது. உள்ளே இருப்பது கார்த் திறப்பு, மற்றச் சாவியும் அதோடுதான். தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், வேலை முடிந்து வரும்போது கடிதம் எடுக்கிற கடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த ஞாயிறுக்கு முன்னம் வந்துவிடு. மீன் வாங்கி ஐஸ் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வா, வெட்டாமல் கொண்டு வா. கதவடியில் அவர் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போவார். நீ பின்னாலே போ.

அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஆற்றுக் காற்றுக்குக் கழுத்தை மூடிக்கொண்டு திரி. திறப்பைத் தொலைத்துவிடாதே. இவர் வீட்டைத் தலைகீழாக்கித் தேடுவார். என்னைக் கேட்டால், பதறாதேங்கோ, அது டென்மார்க்கிலைதான் கிடக்குது என்று சொல்லுவேன்.

உன் அம்மா,
செல்வமலர்