அஞ்சு நாள் மாஸ்க்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதிக்கிறது. எல்லாரும் நலம்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், இந்தத் தடவை பாதியைத்தான் எழுத முடியும். நான் நலம். மாடி வீட்டு டீச்சர் நலம். உன் சித்தப்பா ரொம்ப ரொம்ப நலம், போன வாரம்தான் அவரோட கல்லுப் பட்டறை ஆபீஸ் ரூமுக்குப் புது ஏசி மாட்டினார். நீ நலமான்னு கேக்கப் போறதில்ல, போன்லதான் தெரியுதே, சாப்பிட்டுக்கிட்டே பேசுற, நடந்துக்கிட்டே பேசுற, நான் ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள சரிம்மா சரிம்மான்னு வெச்சுடுற. அதனாலதான் பேப்பர்ல எழுதுறேன். இதை முழுசாப் படிச்சுத்தான் ஆகணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ உன் சித்தப்பாவுக்கு ஒரு கணக்குப் போட்டு அனுப்பினியே, ஞாபகம் இருக்கா. கல்லு அறுக்கிற ஆளுங்களுக்குத் தூக்கிப் போடுற மாஸ்க் வாங்கினா லாபமா, கழுவிக் கழுவிப் போடுற ரப்பர் மாஸ்க் வாங்கினா லாபமா, அஞ்சு வருஷத்துக்கு எது எவ்வளவு ஆகும்னு கட்டம் கட்டமா, கலர் கலரா. அதை அந்த மனுஷன் லேமினேட் பண்ணி என் ஸ்டோர் கதவுல ஒட்டி வெச்சிருக்கார். பிளேடு எடுக்க, கையுறை எடுக்க, ஒரு நாளைக்கு நாப்பது தடவை அந்தக் கதவைத் திறக்கிறேன், நாப்பது தடவையும் உன் பேர் கண்ணுல படுது. மொதல்ல பெருமையாத்தான் இருந்துச்சு. இப்போ அந்தப் பேப்பரைப் பாத்தா பத்திக்கிட்டு வருது.

எனக்குக் கணக்குப் புரியாதுன்னு நினைச்சுக்காதே, உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்ததே நான்தான். ஒரு பேப்பர் மாஸ்க்கோட விலையை ஒண்ணுன்னு வெச்சுக்கோ. ரப்பர் மாஸ்க் முப்பது. அதுல மாட்டுற ஃபில்டர் ஒரு ஜோடி எட்டு, மாசத்துக்கு ஒரு ஜோடி, அஞ்சு வருஷத்துக்கு நானூத்தி எண்பது. நடுவுல ரப்பர் பிஞ்சு இன்னொண்ணு வாங்கினாலும் மொத்தம் ஐநூத்தி நாப்பது. பேப்பர் மாஸ்க் ஆளுக்கு வாரத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு அம்பது, அஞ்சு வருஷத்துக்கு இருநூத்தி அம்பது. பாதிக்கும் கம்மி, உன் சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. கூட்டல்லயும் பெருக்கல்லயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த வாரத்துக்கு ஒண்ணுங்கிறது எங்கேருந்தும்மா வந்துச்சு. அவர் போன்ல சொன்னார், நீ எழுதிக்கிட்ட. பெட்டி மேலேயே பெருசாப் போட்டிருக்கு, ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒண்ணுன்னு. ஷிஃப்ட்டுக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு இருநூத்தி அம்பது, அஞ்சு வருஷத்துக்கு ஆயிரத்து இருநூத்தி அம்பது. இப்போ சொல்லு எது லாபம்னு. இவ்வளவு படிச்சு, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு, பெரிய கம்பெனியில கொள்முதல் பிரிவுல உக்காந்திருக்க, ஒரு பெட்டியைத் திருப்பிப் பாக்கத் தோணலையா உனக்கு.

அந்த அஞ்சு நாள் எப்படி ஓடுதுன்னு சொல்றேன், கேட்டுக்கோ. அறுக்கிற ஷெட்டுச் சுவத்துல பதினோரு ஆணி அடிச்சிருக்கு, ஆளுக்கு ஒண்ணு. திங்கட்கிழமை காலையில நான் மாஸ்க் குடுப்பேன், சாயங்காலம் அதை ஆணியில மாட்டிட்டுப் போவாங்க. எப்படி மாட்டுவாங்க தெரியுமா, குழிவுப் பக்கம் மேல பாத்த மாதிரி. ராத்திரி பூரா ஷெட்டுல பறக்கிற தூசி அதுக்குள்ளேயே படியும். காலையில வந்து அப்படியே எடுத்து மூக்குல கவுத்துக்குவாங்க. வெளியில இருக்கிற தூசியாவது ஒவ்வொண்ணா வரணும், இவங்க ஒரு பிடி உள்ளேயே வெச்சுக் கட்டிக்கிறாங்க. புதன்கிழமை ஆனா மூச்சு அடைக்குதுன்னு கம்ப்ரசர் காத்தை அதுல பீச்சுவாங்க, நடுவுல ஓட்டை விழும், இப்போதான் நல்லா மூச்சு விட முடியுதுன்னு சந்தோஷப்படுவாங்க. பாலிஷ் போடுற தாடிக்காரர் நெஞ்சு வரைக்கும் தாடியை வளத்து வெச்சுக்கிட்டு அதுக்கு மேல மாஸ்க் போடுறார், காத்து முழுக்க ரெண்டு பக்கமும் போய்வருது. இந்தப் பதினோரு அறிவாளிகளுக்கும் ஸ்டோர் சாவி வெச்சிருக்கிற பதிமூணாவது அறிவாளி நான். பன்னெண்டாவது யாருன்னு தனியா வேற சொல்லணுமா, ஏசி ரூம்லதான் இருக்கார். வாரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வருஷமா எண்ணி எண்ணிக் குடுத்தது இந்தக் கைதான், அதனால உன்னைத் திட்டுற திட்டுல எனக்கும் பங்கு உண்டு.

ரப்பர் மாஸ்க்கே வாங்கலைன்னு நினைச்சுடாதே. விக்க வந்தவர் மாதிரிக்கு ஒண்ணு வெச்சுட்டுப் போனார். அது உன் சித்தப்பா ரூம் கண்ணாடி அலமாரியில இருக்கு. கல்லு வாங்குறவங்க வந்தா அதைப் போட்டுக்கிட்டு ஷெட்டைச் சுத்திக் காட்டுவார், பத்து அடி உள்ள, பத்து அடி வெளிய, மொத்தம் மூணு நிமிஷம். ரெண்டு வருஷமா அந்த ஃபில்டர் பால் வெள்ளையா இருக்கு. எட்டு மணி நேரம் கிரைண்டர் பிடிக்கிறவருக்கு ஆணியில தொங்குற பேப்பரு, மூணு நிமிஷம் வேடிக்கை காட்டுறவருக்கு ரப்பரு. வெக்கம் மானம்னு ஒண்ணு இருக்கிறவன் செய்யுற வேலையா இது.

இப்போ உன் அப்பா விஷயத்துக்கு வரேன், அந்தப் பதினோரு ஆணியில ஒண்ணு அவரோடதுதானே. நாலு மாசமா இருமல். மாடிக்குத் தண்ணி கேன் தூக்கிட்டுப் போனா நடுப் படியில நின்னு, டீச்சர் வீட்டு விளக்கு எரியுதான்னு பாக்குற மாதிரி நடிக்கிறார். போன வாரம் கிளினிக்குக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். குழாய்ல ஊதச் சொன்னாங்க, மூணு தடவை ஊதினார், மூணு தடவையும் முள்ளு பாதியிலேயே நின்னுடுச்சு. டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனா வளவளன்னு பேசல. போன மூச்சு இனிமே திரும்பி வராது, மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும்னா கல்லுத் தூசி ஒரு துளிகூட உள்ள போகக் கூடாது, வேலையில என்ன மாஸ்க் போடுறீங்கன்னு கேட்டாங்க. உன் அப்பா சட்டைப் பையிலேருந்து நாலா மடிச்ச ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். உன் கணக்கு. எப்போ நகல் எடுத்தாரோ, எவ்வளவு நாளாப் பையில வெச்சிருக்காரோ, எனக்கே தெரியாது. எங்க பொண்ணு போட்டது டாக்டர், அஞ்சு நாளுக்கு ஒண்ணு போதும்னு கணக்காச் சொல்லியிருக்கான்னார். டாக்டரம்மா படிச்சுப் பாத்துட்டு, மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டு, உங்க மகள் என்ன வேலை பாக்குறாங்கன்னு மட்டும் கேட்டாங்க. பெரிய வேலைன்னார். நான் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ்வளவு அவமானமா இருந்துச்சு எனக்கு, அவ்வளவு பாவமாவும் இருந்துச்சு.

மறுநாளே பெட்டியைத் திறந்து தினம் ஒண்ணு எடுத்துக்கோங்கன்னேன், எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்னேன். மாட்டேன்னுட்டார். புதன்கிழமை வார் அறுந்துபோய் ஸ்டோருக்கு வந்தவர் புது மாஸ்க் கேக்கல, அறுந்த வாரைச் சேக்க ஸ்டேப்ளர் கேட்டார். பாப்பா அஞ்சு நாள்னு எழுதியிருக்கா, பெத்தவனே மூணு நாள்ல மாத்தினா மத்தவன் அவ கணக்கை மதிப்பானா, ஏற்கனவே தாடிக்காரன் இது உதவாத கணக்குன்னு பேசிக்கிட்டுத் திரியுறான்னார். நம்ம எல்லாரையும்விட விஷயம் தெரிஞ்சவர் அந்தத் தாடிக்காரர்தான் போலிருக்கு. அவருக்குத் தெரியாம ஆணியில புதுசா ஒண்ணு மாட்டிப் பாத்தேன். ஸ்டேப்ளர் பின் இல்லைன்னதும் கண்டுபிடிச்சு, பெட்டியில கொண்டுவந்து வெச்சுட்டு, பழசைக் குப்பையிலேருந்து பொறுக்கி எடுத்துப் போட்டுக்கிட்டார். உன் கணக்கு தப்பாப் போயிடக் கூடாதுன்னு ஒரு மனுஷன் தன் நெஞ்சைக் குடுத்து அதைச் சரியாக்கிக்கிட்டு இருக்கார்டி.

உன் சித்தப்பாகிட்டப் போய் நேரா நின்னேன். எல்லாருக்கும் ரப்பர் மாஸ்க் வாங்கு, இல்லேன்னா ஷிஃப்ட்டுக்கு ஒண்ணு குடுன்னேன். கூடப் பொறந்த அண்ணன் மூச்சு வாங்குறார்னு அவர் முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. சுழல் நாற்காலியில ஒரு சுத்து சுத்திட்டு, நானாவா போட்டேன் அண்ணி, உங்க பொண்ணு போட்டதுதானேன்னார். நேரா ஸ்டோருக்கு வந்து இதை எழுத உக்காந்தேன்.

அதனால நீ செய்ய வேண்டியது இதுதான். உடம்பைப் பாத்துக்கோங்கப்பான்னு உருகி உருகி எழுதாதே, சிரிச்சுட்டு மடிச்சு வெச்சுடுவார். மருந்துக்குப் பணம் அனுப்பாதே, மருந்து இதுக்கு இல்ல. புதுசாக் கணக்குப் போடு. ஷிஃப்ட்டுக்கு ஒண்ணுன்னு போடு. ரப்பர் மாஸ்க்கைத் தினம் கழுவ அரை மணி நேரம்னு என் சம்பளத்தையும் சேத்துக்கோ, கழுவப் போறது நான்தான். அது கனம், வேர்க்கும், தாடி இருந்தா ஒட்டாதுன்னு அதையும் ஒளிக்காம எழுது. எல்லாம் சேத்தாலும் எது மலிவுன்னு அந்த ஏசிக்காரருக்கே புரியும். மேல ஒரே ஒரு வரி, அப்பா, நான் போட்ட கணக்கு தப்புன்னு எழுதி உன் கையெழுத்துப் போடு. நான் சொன்னா அவர் நம்ப மாட்டார், உனக்கு விட்டுக்குடுக்காம என்கிட்டத்தான் சண்டைக்கு வருவார். இந்த உலகத்துல உன் கணக்கைத் தப்புன்னு சொல்ல அவர் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை குடுத்திருக்கார், அது நீ.

திட்டினதுக்கு அழாதே, அழுதாலும் எழுதிட்டு அழு. நேரத்துக்குச் சாப்பிடு, நல்லாத் தூங்கு, நீ எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும். கவரை ஸ்டோர் முகவரிக்கு அனுப்பு, மேல அப்பா பேரை மட்டும் போடு, அவரே பிரிக்கட்டும். சீக்கிரம் அனுப்பு. இன்னிக்கு வியாழக்கிழமை, அவர் மூக்குல இருக்கிற மாஸ்க்குக்கு நாலாவது நாள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா